வீட்டுக்குள் இருக்கும் ஆயுதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறரால் சுடப்பட்டவர்கள் அல்லர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் என்ற உண்மை வெளிப்பட்டபோது, அந்நாட்டின் சமூகப் பணியாளர்கள் தம் கடமைகளின் பட்டியலில் புதிய கேள்வி ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. மனச்சோர்வுக்காகவோ குடும்பச் சிக்கலுக்காகவோ உதவி நாடி வருபவரிடம், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் அது பூட்டப்பட்டிருக்கிறதா, தோட்டாக்கள் வேறிடத்தில் உள்ளனவா, நெருக்கடி தீரும்வரை அதை உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்து வைக்க முடியுமா என்று கேட்பதே அந்தக் கேள்வி. துப்பாக்கி வைத்திருப்பது சரியா தவறா என்ற அரசியல் வழக்குக்குள் அவர்கள் நுழைவதில்லை. உடைமையாளரின் உரிமையை ஒத்துக்கொண்டே, ஆபத்தான சில நாள்களுக்கு அந்தப் பொருளுக்கும் மனிதருக்கும் இடையே தொலைவை உண்டாக்குவதுதான் அவர்கள் நோக்கம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இதற்கென உருவான பயிற்சி பிற மாநிலங்களுக்கும் பரவியது. அதே மாநிலத்தில் துப்பாக்கிக் கடைக்காரர்களையே இந்தப் பணியில் கூட்டாளிகளாக்கிய முயற்சியும் நடந்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019இல் வந்த திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. சென்னையில் உரிமம் வழங்கும் அதிகாரம் மாநகரக் காவல் ஆணையரிடம் இருக்கிறது. வடசென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர் என்று பார்த்தால், வங்கிகளிலும் பணம் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலும் காவலுக்கு நிற்கும் முன்னாள் படைவீரர்கள் போன்ற ஒரு சிறு கூட்டத்தாரே தேறுவர். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும், வாக்குப்பதிவு முடிந்து நிலைமை தணிந்தபின் திருப்பிக் கொடுப்பதும் இங்கே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். பதற்றமான காலத்துக்கு மட்டும் ஆயுதத்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது என்று அமெரிக்கச் சமூகப் பணியாளர் படித்துப் படித்துச் சொல்வதை நம்முடைய தேர்தல் ஆணையம் வேறொரு காரணத்துக்காகப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது என்பது சற்றே வேடிக்கையானது.

ஆகவே வடசென்னையில் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது வீண் என்று தோன்றலாம். துப்பாக்கி என்ற பொருளை விட்டுவிட்டு, அந்தக் கேள்வியின் பின்னாலிருக்கும் காரணத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. தற்கொலை முயற்சிகளில் பெரும்பகுதி நாள்கணக்கில் திட்டமிட்டுச் செய்யப்படுவதன்று. சண்டை, அவமானம், கடன்காரரின் வசவு, தேர்வு முடிவு என்று ஏதோ ஒன்றினால் மூண்டெழுந்து, சிறிது நேரத்தில் தணிந்துவிடும் கொந்தளிப்பில் நிகழ்வது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உயிர் தப்பிய இளம்வயதினரிடம் நடந்த ஆய்வொன்று 2001இல் வெளியானது. முடிவெடுத்ததற்கும் முயற்சிக்கும் இடையே ஐந்து நிமிடங்கூட இருக்கவில்லை என்று அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப்பேர் கூறியிருந்தனர். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் பல ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் கையெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தே ஒருவர் பிழைப்பதும் இறப்பதும் அமைகிறது என்றால், அந்தப் பொருளை எட்டாமல் செய்வதும் மருத்துவமே. இங்கிலாந்தில் 1960களில் சமையலுக்கு வந்துகொண்டிருந்த நச்சுத்தன்மை மிகுந்த நிலக்கரி வாயுவுக்கு மாற்றாக நச்சற்ற இயற்கை எரிவாயு படிப்படியாக வந்தபோது, அந்நாட்டின் மொத்தத் தற்கொலைகளே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வாயு இல்லாவிட்டால் எல்லோரும் வேறு வழி தேடிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தவர்களின் கணக்கு பொய்த்தது. இஸ்ரேலியப் படையில் வார இறுதியில் வீடு செல்லும் வீரர்கள் துப்பாக்கியைப் பாசறையிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று 2006இல் விதி வந்தபின், படைவீரர்களின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது.

இந்தக் கண்ணோட்டத்தோடு வடசென்னையின் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலோ, எர்ணாவூரின் சுனாமிக் குடியிருப்பிலோ, காசிமேட்டுச் சந்துகளிலோ பல குடும்பங்களுக்கு ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையுமே வீடு. மீன்பிடித் துறைமுகமும் கழிவுநீர்க் கால்வாயும் பக்கத்திலிருப்பதால் எலித்தொல்லை ஓயாது. ஆகவே பரணில், பாத்திரங்களுக்குப் பின்னால், பாதி பிதுக்கிய எலி பேஸ்ட் ஒன்று கிடக்கும். குளியல் மூலையில், வாசலில் கூவி விற்பவரிடம் வாங்கிய பினாயிலோ, கழிவறை கழுவும் ஆசிட்டோ, பெயர்ச்சீட்டு எதுவும் இல்லாத பழைய குளிர்பான பாட்டிலில் நிற்கும். பெயின்ட் பட்டறையிலோ இரும்புப் பட்டறையிலோ வேலை பார்ப்பவர் கறை நீக்கக் கொண்டுவந்த தின்னர் இன்னொரு தண்ணீர் பாட்டிலில் இருக்கும். சுவர் ஆணியில் மாட்டிய பிளாஸ்டிக் பையில் பாட்டியின் சர்க்கரை மாத்திரைகளும் தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரைகளும், முந்தைய மாதத்து மிச்சத்தோடு சேர்ந்து தொங்கும். இவற்றில் எதையும் யாரும் ஆயுதம் என்று நினைப்பதில்லை, நினைக்கவும் தேவையில்லை. பெரும்பாலான நாள்களில் அவை பயன்படு பொருள்களே. துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கக் குடும்பமும் தன் துப்பாக்கியைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். மராட்டியத்துக்கு அடுத்த இடத்தில் 19,834 பேருடன் தமிழ்நாடு இருந்தது. நாடு முழுவதுமான இறப்புகளில் ஏறத்தாழ கால்வாசிக்குக் காரணம் நஞ்சு. பாதிக்கு மேற்பட்டவை தூக்கு என்பதால், பொருள்களை எட்டாமல் வைக்கும் முறை எல்லா மரணங்களையும் தடுக்காது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கயிறும் துணியும் இல்லாத வீடு கிடையாது. ஆயினும் கால்வாசி என்பது சிறிய பங்கன்று. அந்தக் கால்வாசியில் அரசால் செய்யக்கூடியதும் நிறைய உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டு வேளாண்துறை தடை விதித்திருக்கிறது. அந்த பேஸ்ட்டை உட்கொண்டவர் முதல்நாள் வாந்திக்குப்பின் தேறிவிட்டதுபோல் தோன்றுவார், ஓரிரு நாள் கழித்தே கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். ஆகவே குழந்தை தவறுதலாக நாவில் வைத்திருந்தாலும், ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நினையாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது இன்றியமையாதது. தற்கொலை எண்ணம் சிறிதும் இல்லாத வீட்டிலும் இந்தப் பொருள்கள் உயிர் பறிக்கும் என்பதற்கு, எலிகளுக்காக வைக்கப்பட்ட மருந்தினால் 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே இரு குழந்தைகள் இறந்ததே சான்று.

தடை ஒருபுறம் இருக்க, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளை என்ன செய்வது என்பதில்தான் சமூகப் பணியாளரின் இடம் தொடங்குகிறது. இதற்கு வடசென்னையிலிருந்து தெற்கே, கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் நடந்த முயற்சியை அறிந்துகொள்வது பயனுள்ளது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பு, அவ்வட்டாரத்தில் இரண்டு ஊர்களைத் தேர்ந்து, உழவர்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவான ஒரு கட்டடத்தில் வைக்க ஏற்பாடு செய்தது. வங்கியின் லாக்கரைப் போல ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, சாவி, பொறுப்புக்கு ஊர்க்காரரே ஒருவர், தேவைப்படும்போது எடுத்துச் சென்று மீதியைத் திருப்பி வைக்கும் வழக்கம் என்று அது இயங்கியது. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட வேறு இரண்டு ஊர்களைவிட இந்த ஊர்களில் பூச்சிமருந்தினால் நேர்ந்த தற்கொலைகள் கூடுதலாகக் குறைந்தன என்று 2013இல் வெளியான ஆய்வறிக்கை கூறியது. சில ஊர்களைக் கொண்டு பெரிய முடிவுக்கு வருவது பொருந்தாது என்பதால், இதைச் செய்து பார்க்கத்தக்க வழி என்ற அளவிலேயே அந்த ஆய்வு முன்வைத்தது.

இதற்கு நேர்மாறான பாடத்தை இலங்கை தந்தது. அனுராதபுரம் வட்டாரத்தில் 180 ஊர்களில், ஏறத்தாழ 53,000 வீடுகளை உட்படுத்தி நடந்த பெரிய ஆய்வில், ஒரு பாதி ஊர்களின் வேளாண் குடும்பங்களுக்குப் பூட்டத்தக்க பெட்டிகள் வழங்கப்பட்டன. 2017இல் முடிவு வெளியானபோது, பெட்டி பெற்ற ஊர்களுக்கும் பெறாத ஊர்களுக்கும் இடையே நஞ்சுண்ணும் நிகழ்வுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று தெரியவந்தது. வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் சாவியும் வீட்டுக்குள்தான் இருக்கும், அது இருக்கும் இடம் வீட்டாருக்குத் தெரியும், முதல் சில மாதங்களுக்குப் பிறகு பூட்டுவதும் சலித்துப்போகும் என்பதைச் சிந்தித்தால் இந்த முடிவு வியப்பளிக்காது. அதே இலங்கையில், மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1984 முதல் படிப்படியாகத் தடைசெய்ததன் பயனாகத் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு வீழ்ந்தது. 1995க்கும் 2015க்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் முடிவு, பெட்டிகளையும் பூட்டுகளையும் விநியோகித்து நிழற்படம் எடுத்துக்கொள்ளும் நலத்திட்ட மனப்பான்மைக்கு உவப்பானதாக இராது. கொடிய பொருளைச் சந்தையிலிருந்தே அகற்றுவது முதன்மை. அகற்ற முடியாததை வீட்டிலிருந்து அகற்றுவது அடுத்தது. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பது கடைசி, அதுவும் சாவி வேறொருவரிடம் இருந்தால் மட்டுமே பயன்தரும். ஆபத்தான நாள்களில் இன்னாருடைய வீட்டிலிருந்து இன்ன பொருளை வெளியேற்ற வேண்டும் என்பதை அடையாளம் காண ஆள் தேவை. அந்த ஆள் மருத்துவராக இருக்க வாய்ப்புக் குறைவு. புறநோயாளிகள் வரிசை நீண்டிருக்கும் அரசு மருத்துவமனையில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும்.

சமூகப் பணி என்பது தொண்டுள்ளத்தால் செய்யும் பொதுச்சேவையன்று. பட்டப்படிப்பும் களப்பயிற்சியும் உள்ள தொழில். மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி 1952 முதல் இத்தொழிலுக்கு ஆள்களை உருவாக்கிவருகிறது. மருத்துவமனையில் நோயாளியின் குடும்பம், வருவாய், வீட்டுச் சூழல் ஆகியவற்றைக் கவனிப்பவர் மருத்துவ சமூகப் பணியாளர் எனவும், மனநலப் பிரிவில் அதையே செய்பவர் மனநல சமூகப் பணியாளர் எனவும் அழைக்கப்படுவர். மாவட்ட மனநலத் திட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் இவர்கள் பணிபுரிகின்றனர். பட்டம் பெறாவிட்டாலும் வீடுகளுக்குள் உரிமையோடு நுழையக்கூடிய இன்னொரு படையும் இருக்கிறது: அங்கன்வாடிப் பணியாளர்களும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களும். சுவரில் மாட்டிய அந்த மாத்திரைப் பையை மாதந்தோறும் பார்ப்பவர் இந்தத் தன்னார்வலரே. மிச்சம் இருப்பதைத் திரும்ப எடுத்துச் செல்லவும், மனச்சோர்வில் இருப்பவர் உள்ள வீட்டில் குறைந்த அளவாகக் கொடுக்கவும் அவருக்கு அதிகாரமும் பயிற்சியும் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

நஞ்சுண்டு பிழைத்த ஒருவர் பழைய வண்ணாரப்பேட்டையை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற ஓரிடத்திலிருந்து வீடு திரும்பும் நாளே இந்தப் பணியின் முக்கியமான நாள். திரும்பிய பின்வரும் வாரங்கள் ஆபத்து மிகுந்தவை என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. மருத்துவமனைச் சீட்டில் மாத்திரைகளும் மறுபடி வரவேண்டிய தேதியும் இருக்கும். வீட்டில் மீதம் இருக்கும் பொருளைப் பற்றி ஒரு வரி பெரும்பாலும் இராது. அந்த வரியைச் சொல்வது சமூகப் பணியாளரின் வேலை. அதைச் சொல்லும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. குற்றம் கண்டுபிடிக்கும் தொனியில் கேட்டால் குடும்பம் வாயை மூடிக்கொள்ளும். ‘ஆயா, எலித்தொல்லைக்கு என்ன வெக்கிறீங்க? அத எங்க வெச்சிருக்கீங்க? கொஞ்ச நாளைக்கு நம்ம கீழ்வீட்டு அக்காகிட்ட குடுத்து வெக்கலாமா?’ என்று, ஊரில் எல்லோருக்கும் உள்ள தொல்லையிலிருந்து பேச்சைத் தொடங்கினால், பெரியவர் ஒருவரே எழுந்து பரணில் தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். பாதிக்கப்பட்டவரிடமே தனியாகவும் கேட்க வேண்டும். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அதற்கு ஆதாரம் இல்லை. கேட்கப்படுவதே பலருக்கு ஆறுதலாக இருக்கிறது.

குடும்பம் உண்மையைச் சொல்லத் தயங்குவதற்குச் சட்டத்தின் மேலிருந்த அச்சமும் காரணம். தற்கொலை முயற்சி குற்றம் என்றிருந்த காலத்தில், ‘தெரியாமல் குடித்துவிட்டார்’ என்று எழுதிக்கொடுத்துப் போலீஸ் தொல்லையிலிருந்து தப்பிக்கப் பார்ப்பது வழக்கமாயிற்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவே இடம்பெறவில்லை. இந்தச் செய்தி இன்னும் பல தெருக்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சொல்வதும் பணியாளரின் கடமை.

எல்லா வீட்டிலும் சாவியைக் குடும்பத் தலைவரிடம் கொடுத்துவிட முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது. மது அருந்திவிட்டு மனைவியை அடிக்கும் ஒருவரின் வீட்டில், கேனில் இருக்கும் கிருஷ்ணாயில் அந்தப் பெண்ணின் கையில் இருந்தாலும் ஆபத்து, கணவர் கையில் இருந்தாலும் ஆபத்து. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் பெண்களோடு பணியாற்றிவரும் பி.சி.வி.சி. போன்ற அமைப்புகளின் அனுபவம், ‘ஸ்டவ் வெடித்தது’ என்ற வாக்குமூலத்தின் பின்னால் வேறு கதைகள் இருப்பதுண்டு என்பதைக் காட்டியிருக்கிறது. 2007 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்புகளும், ரேஷன் மண்ணெண்ணெய் படிப்படியாகக் குறைந்ததும் இந்த ஆபத்தைக் குறைக்க எந்த விழிப்புணர்வுக் கூட்டத்தையும்விட அதிகம் உதவக்கூடியவை. அடுப்பு மாறினால் கேனும் வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. ஆனாலும் வன்முறை உள்ள வீட்டில், பொருளை அகற்றுவதைவிடப் பெண்ணை வெளியேற்றிப் பாதுகாப்பாக வைப்பதே சில வேளைகளில் முதல் வேலையாகிவிடும். அதற்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது.

தொழிற்சாலைகளும் பட்டறைகளும் நிறைந்த வடசென்னைக்கென்றே உரிய வேலை ஒன்றும் மிச்சமிருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்காரரைக் கூட்டாளியாக்கியதுபோல, இங்கே ஹார்டுவேர் கடைக்காரரையும், தெருமுனை மளிகைக் கடைக்காரரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அழுதுகொண்டோ குடித்துவிட்டோ வருபவருக்கு ‘நாளைக்கு வா’ என்று சொல்லி எலி மருந்தைத் தர மறுக்கும் கடைக்காரர், தாம் அறியாமலே ஒருவருக்குத் தேவையான அந்தச் சில நிமிடங்களைக் கொடுத்துவிடுகிறார். 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது அமில வீச்சைத் தடுப்பதற்காக என்றாலும், கடைகளில் அதைப் பின்பற்றச் செய்தால் வீட்டிலிருக்கும் பாட்டில்களும் குறையும். தொழிற்சாலைப் பொருள்களைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை நிறுத்தச் சொல்வதற்கு, அரசு அதிகாரியைவிடத் தொழிற்சங்கத்துக்கே மதிப்பு அதிகம். மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து ஒரு வார்த்தை சொன்னால் அது நடக்கும். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தின் பொதுப் பெட்டிகளுக்கும் ஊர்க்காரரே பொறுப்பேற்றிருந்தார்.

இந்த வேலைகள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. போதிய எண்ணிக்கையில் சமூகப் பணியாளர் பணியிடங்களும், அவர்கள் வீடு தேடிச் செல்வதற்கான நேரமும்தான் தேவை. தற்கொலை இறப்புகளை 2030க்குள் 10 விழுக்காடு குறைப்பது என்று 2022இல் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டம் இலக்கு வைத்திருக்கிறது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அறை காலியாகக் கிடக்கும்வரை அந்த இலக்கு காகிதத்திலேயே இருக்கும். அதுவரை வாசகர்கள் தம் வீட்டில் செய்யக்கூடியது உண்டு: பெயர்ச்சீட்டில்லாத பாட்டில்களையும், மிச்ச மாத்திரைகளையும், எலி மருந்தையும் இந்த வாரமே அப்புறப்படுத்துங்கள். வீட்டில் யாரேனும் மனமுடைந்திருந்தால் அவற்றை அக்கம்பக்கத்தில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள், மனமுடைந்தவரைத் தனியே விடாதீர்கள், அவரோடு பேசுங்கள். உதவிக்கு மாநில அரசின் 104, டெலி மானஸ் 14416 ஆகிய எண்களிலும், சினேகாவின் 044-24640050 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.